கைப்பேசி வளர்ந்தது, தமிழன் வளர்ந்தானா?

சேலம் மாநகரின் வடபால், சேர்வராயன் மலையடிவாரத்தை நோக்கிக் கிடக்கும் ஊர்களுள் ஒன்று கொண்டப்பநாயக்கன்பட்டி. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கைப்பேசியில்லாத வீட்டைக் காண்டல் இன்று அரிது. ஓட்டு வீட்டிலும் அஃது உண்டு. மாடி வீட்டிலும் உண்டு. மண்வெட்டி பிடிக்கும் கையிலும் உண்டு. எழுதுகோல் பிடிக்கும் கையிலும் உண்டு. குழவிக்குச் சோறூட்டும் தாய் முன்னாளில் நிலவைக் காட்டினாள்; இந்நாளில் கைப்பேசியின் ஒளித்திரையைக் காட்டுகிறாள்.

"கைப்பேசியால் வாழ்வு உயர்ந்தது, மாந்தன் வளர்ந்தான்" என்று வணிகர்தம் விளம்பரங்கள் நாள்தோறும் முழங்குகின்றன. "கைப்பேசியால் பிள்ளைகள் கெட்டனர், குடும்பம் சிதைந்தது" என்று திண்ணைகள் புலம்புகின்றன. இவ்விரண்டும் அரைப்பார்வைகளே. முன்னது கருவியைத் தெய்வமாக்குகிறது. பின்னது அதனைப் பேயாக்குகிறது. கருவி தெய்வமும் அன்று, பேயும் அன்று.

வாழ்வு எளிதாதல் வேறு. மாந்தன் வளர்தல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதி மயங்கியதே தமிழர்க்கு நேர்ந்த முதற் பிழை. முன்னதைக் கைப்பேசி தந்துள்ளது. பின்னதைத் தரவில்லை, தானாகத் தரவும் மாட்டாது. அதனினும் கொடிது ஒன்று உண்டு. வளர்ச்சிக்கு வேராகிய தமிழெழுத்தையே தமிழன் தன் கைப்பேசியில் தன் விரலாலேயே அழித்துக்கொண்டிருக்கிறான். இது வெறும் உணர்ச்சியுரை அன்று. சான்றுகளால் நிறுவத்தக்க உண்மை.

எளிமை வந்தது மெய்யே

1973 ஏப்பிரல் 3ஆம் நாள் நியூயார்க்கு நகரத் தெருவில் நின்று, மோட்டோரோலா நிறுவனப் பொறிஞர் மார்ட்டின் கூப்பர் கையடக்கப் பேசியில் முதன்முதலாகப் பேசினார். இந்தியாவில் 1995 சூலை 31ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் சோதிபாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே முதற் கைப்பேசியுரை. சேலம் மாவட்டத்துச் சமுத்திரத்தில் பிறந்து, தனித்தமிழுக்கெனவே வாழ்ந்த பாவலரேறு பெருஞ்சித்திரனார் மறைந்து ஐம்பதாம் நாள் அது. அவர் 1959இல் தொடங்கிய 'தென்மொழி', அஞ்சல்வழிச் சென்ற தாள்களைக்கொண்டே தமிழகமெங்கும் ஓர் இயக்கத்தைக் கட்டியது. அன்று ஒரு சொல் ஊர்விட்டு ஊர் செல்ல நாள்கள் ஆயின. இன்று நொடி ஆகிறது.

தொடக்கத்தில் கைப்பேசி செல்வர்க்கே உரியதாயிருந்தது. அழைப்பவனே கட்டணம் செலுத்தும் முறை 2003 மே திங்களில் வந்தபின் எளியவனும் அதனை வாங்கத் துணிந்தான். 2016 செப்டம்பரில் சியோ நிறுவனம் களமிறங்கியபின் இணையக் கட்டணம் வீழ்ந்தது. அதன்பின் கைப்பேசி ஏழையின் மடியிலும் ஏறியது.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பது அறமாகாது. குச்சிக்கிழங்கு பயிரிடும் உழவன் சேகோ ஆலையின் விலையை வயலில் நின்றபடியே வினவுகிறான். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்போர் அன்றாட முட்டை விலையைக் கைப்பேசியில் அறிகின்றனர். வடநாட்டுச் சாலைகளில் சரக்குந்து ஓட்டிச்செல்லும் சங்ககிரியான் இரவுதோறும் தன் மகளின் குரலைக் கேட்கிறான். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் கூலிக்கு உழைக்கும் மகனின் முகத்தை முதிய தாய் திரையில் காண்கிறாள். 2008 முதல் தமிழகத்தில் இயங்கிவரும் 108 மருத்துவ ஊர்தி நள்ளிரவிலும் மலையடிவாரத்துக் குடிசைக்கு வந்து நிற்பதற்கு ஓர் அழைப்பே போதுமானதாயிருக்கிறது. இவை சிறியன அல்ல. பழமை பேசி இவற்றைப் பழிப்பவன் ஏழையின் துயர் அறியாதவன்.

ஆயின் ஒன்றை உன்னுக. விலையறிதலும் குரல் கேட்டலும் பணம் செலுத்தலும் வாழ்வின் ஏந்துகள். ஏந்து மிகுந்தவன் எல்லாம் வளர்ந்தவன் ஆகான். மின்விசிறி வந்தமையால் புழுக்கம் தணிந்தது. அதனடியில் அமர்ந்தவனின் அறிவு பெருகியதா? மிதிவண்டி வந்தமையால் பள்ளித் தொலைவு குறைந்தது. பள்ளிக்குள் நுழைந்தபின் படிக்கவேண்டியவன் மாணாக்கனே அன்றோ?

வளர்ச்சி என்பது யாது?

தமிழில் கல்வி என்னும் சொல்லுக்குக் கல் என்பதே வேர். கல்லுதலாவது தோண்டுதல். கிணறு வெட்டுவோன் மண்ணைக் கல்லுகிறான். மாணாக்கன் நூலைக் கல்லுகிறான். கல்லுதற்கு உடல்வலியோ உளவலியோ வேண்டும், பொழுது வேண்டும், ஓரிடத்தே நின்று ஆழம் போகும் பொறுமை வேண்டும். பத்து இடங்களில் ஒவ்வோர் அடி தோண்டினவனுக்குப் பத்துக் குழிகள் கிடைக்கும்; நீர் கிடையாது.

கைப்பேசித் திரையில் நிகழ்வதோ தேய்த்தல். விரல் மேலே தள்ளுகிறது; ஒரு காட்சி மறைகிறது, மற்றொன்று தோன்றுகிறது. ஆட்டம், அடிதடி, நகைச்சுவை, சமையல், அரசியல், இறப்புச் செய்தி என்று ஒன்றோடொன்று இயையாதவை எல்லாம் வரிசையின்றி வந்து போகின்றன. முப்பது நொடிக் காட்சிகள் நூறு கண்டவன் ஐம்பது மணித்துளிகளை இழந்தான். அந்நூற்றுள் ஐந்தனையேனும் மறுநாள் அவனால் எடுத்துரைக்க இயலுமா? தேய்த்தல் ஒருநாளும் கல்லுதல் ஆகாது.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்னும் நான்கு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்த முறை எண்ணத்தக்கது. கல்லாதவனுக்கும் கேள்வி ஊன்றுகோலாகும் என்பது தமிழர் கண்ட நெறி. ஆயின் அக்கேள்வி, ஒழுக்கமும் புலமையும் உடையவர் வாய்க் கேள்வி. கைப்பேசி ஓயாது ஊட்டும் கேள்வியோ, சொல்பவன் யார், அவன் கூற்றுக்குச் சான்று என்ன, அதனால் அவனுக்கு வரும் ஊதியம் எவ்வளவு என்று ஒருவரும் வினவாத கேள்வி. பகிரி எனப்படும் வாட்சப்பில் வந்துவிட்டது என்பதே அதற்குச் சான்றாகிவிடுகிறது.

பள்ளி மூடிய காலம் தந்த சான்று

கைப்பேசி கல்வி தருமா என்னும் வினாவிற்கு விடை காண, உலகமே விரும்பாத ஓர் ஆய்வு தமிழ்மண்ணில் நடந்து முடிந்தது. மகுடை நச்சில் எனப்படும் கொரோனா பரவியமையால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாளன்றே மீண்டும் திறந்தன. ஏறத்தாழ 19 திங்கள் ஆசிரியரின் இடத்தில் கைப்பேசி அமர்ந்தது; அமர்த்த வழியற்ற வீடுகளில் கல்வித் தொலைக்காட்சி பேசியது; அதுவும் எட்டாத வீடுகளில் ஒன்றும் பேசவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தந்தை வேலைக்குக் கொண்டுசென்ற பின் வீட்டில் இல்லை. எத்தனைக் கூலிக் குடும்பங்களில் நகையை அடகுவைத்துப் பிள்ளைக்குத் திறன்பேசி வாங்கினர் என்பதை ஊரார் அறிவர்.

விளைவு யாது? நாட்டுப்புறப் பிள்ளைகளின் கல்விநிலையை ஆராயும் 'அசர்' ஆய்வு ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவினர் என்று அது கணித்தது. அதுவே நாணத்தக்க எண். 2022இலோ அது நூற்றுக்கு ஐந்தாகச் சுருங்கியது. அதே ஆய்வின்படி, இந்திய நாட்டுப்புறங்களில் பள்ளிப் பிள்ளைகளுள்ள வீடுகளில் திறன்பேசி உடையவை 2018இல் நூற்றுக்கு 36, 2021இல் 67. கருவி ஏறத்தாழ இரட்டித்த காலத்திலேயே படிப்பு பாதியாயிற்று.

இவ்வீழ்ச்சிக்குக் கைப்பேசியே கரணியம் என்று சாற்றுதல் முறையன்று. பள்ளி மூடியதே கரணியம். ஆயின் மூடிய பள்ளியின் இடத்தைக் கைப்பேசியால் நிரப்ப இயலவில்லை என்பது ஐயத்திற்கிடமின்றி விளங்கிற்று. அதனாலன்றோ 2021இன் இறுதியில் தமிழ்நாட்டரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலரைத் தெருத்தெருவாக அனுப்ப நேர்ந்தது! திரை எட்டாத இடத்திற்கு ஒரு தமிழ்ப்பெண் கரும்பலகையோடு நடந்து சென்றாள். உலக நாடுகளும் இவ்வுண்மையை உணரத் தொடங்கின. பிரான்சு நாடு 2018இலேயே பள்ளிகளில் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. ஆத்திரேலியா 2025 திசம்பர் 10 முதல் பதினாறு அகவைக்குட்பட்டோர்க்குக் குமுகாய வலைத்தளக் கணக்குகளை மறுத்தது. அக்கருவியின் மென்பொருள்களை ஆக்கிய மேலையுலகமே தன் பிள்ளைகளைக் காக்க வேலி போடுகையில், தமிழகத்துப் பெற்றோர் வேலியைப் பிடுங்கி அடுப்பெரிப்பது என்ன அறிவு?

ஒலி தமிழ், எழுத்து ஆங்கிலம்

இதுகாறும் கூறியவை எல்லா இனத்தார்க்கும் பொதுவான கேடுகள். தமிழர்க்கே உரிய கேடு ஒன்று உண்டு. அதனைப் பிறர் வந்து சொல்ல மாட்டார்.

கொண்டப்பநாயக்கன்பட்டிப் பேருந்து நிறுத்தத்திலோ, சேலத்துக் கல்லூரி வாயிலிலோ, இளைஞர் கைப்பேசியில் குறுஞ்செய்தி விடுப்பதைக் காண்க. "எங்கே இருக்கிறாய்? சாப்பிட்டாயா?" என்று தமிழில் எண்ணுகின்றனர், தமிழில் முணுமுணுக்கின்றனர், எழுதுவதோ ஆங்கில எழுத்தில். ஒலி தமிழ், எழுத்து ஆங்கிலம்! தாய் தமிழச்சி, மகன் தமிழன், இருவர்க்குமிடையே ஓடும் மடல் மட்டும் வேற்றெழுத்தில். திருமண அழைப்பும் இரங்கற் செய்தியும்கூட அவ்வெழுத்திலேயே போகின்றன.

"கருத்து விளங்கினால் போதாதா? எழுத்து எதுவாயினும் என்ன?" என்று வினவுவார் உளர். கருத்துத்தான் விளங்குமா? ஆங்கில எழுத்தில் எழுதுங்கால் கல்லும் காலும் ஒன்றே; படமும் பாடமும் ஒன்றே. மரமும் மறமும் ஒன்றே. அரமும் அறமும் ஒன்றே. பணியும் பனியும் ஒன்றே. கலை, களை, கழை என்னும் மூன்றும் ஒரே உருவாய் வந்து நிற்கும். குறில் நெடில் வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும், நகர னகர ணகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும் பொதுளிய மொழி தமிழ். அவ்வேறுபாடுகளைத் துடைத்தெறிந்தபின் எஞ்சுவது தமிழ் அன்று, தமிழின் நிழல். ஒருநாள் இருநாள் அன்று; ஆண்டுக்கணக்கில் இவ்வாறு எழுதிப் பழகிய விரல், தேர்வுத்தாளில் றகரம் இடவேண்டிய இடத்தில் ரகரம் இடுவதில் வியப்பென்ன? எழுத்தை மறந்த விரல், ஒலியை மறந்த நாவாக மாறப் பொழுது மிகுதி ஆகாது.

எழுத்துப் போனால் என்ன போகும் என்பதற்குத் துருக்கி சான்று. 1928இல் அந்நாடு அரபு எழுத்தை விடுத்து இலத்தீன் எழுத்தை மேற்கொண்டது. அதன் நன்மை தீமை வேறு ஆய்வு. ஆயின் தம் பாட்டன் எழுதிவைத்த மடலையும் கல்வெட்டையும் படிக்க மாட்டாத தலைமுறை அங்கு உருவாயிற்று என்பதை எவரும் மறுக்கவியலாது. துருக்கி அதனை அரசாணையிட்டுச் செய்தது. தமிழனோ ஆணையிடுவார் எவருமின்றித் தானே செய்துகொள்கிறான்! ஈராயிரம் ஆண்டுப் பாறைக் கல்வெட்டும், ஓலைச்சுவடியும், அச்சேறிய நூல்களும் அவன் பெயரனுக்கு ஓவியமாய்த் தோன்றும் நாளை இன்றே விதைக்கிறான்.

மறுதலைச் சான்று கொரியா. 1446இல் சேசோங்கு மன்னர் வெளியிட்ட அங்குல் எழுத்தைக் கொரியர், சப்பானிய ஆட்சியின் ஒடுக்குமுறைக்கும் தப்புவித்துக் காத்தனர். இன்று சாம்சங்குக் கைப்பேசியை உலகுக்கு விற்கும் அவ்வினம், தன் கைப்பேசியில் தன் எழுத்தையே எழுதுகிறது. பொறியியலில் முன்னேற எழுத்தைத் துறக்கவேண்டும் என்பது பொய் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கருவியில் தமிழ் இல்லையா?

"கைப்பேசியில் தமிழ் எழுதுதல் கடினம்" என்பது பலர் கூறும் சாக்கு. ஒரு காலத்தில் அது மெய்யாயிருந்தது, இன்று பொய். அதனைப் பொய்யாக்கத் தமிழர் சிலர் பட்ட பாட்டை இளையோர் அறிதல் வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழர் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டிக் கணினித்தமிழுக்கு வழிகோலினார். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை அரசேற்புப் பெற்றது. உயிரெழுத்துகள் ஒருபால், மெய்கள் ஒருபால் என்று தமிழிலக்கணத்தின் அமைப்பையே விசைகளில் பதித்த பலகை அது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழிதிறந்தது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குகுறியைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. 2017இல் கூகுள் நிறுவனம் தமிழ்ப்பேச்சை எழுத்தாக்கும் ஏந்தையும் தந்தது. இன்று கடையில் வாங்கும் திறன்பேசிகளில் தமிழ்ப் பலகை உண்டு. அமைப்புகளில் ஒருமுறை தேர்ந்துகொள்ளுதலே வேலை. ஒரு கிழமை பழகினால் விரல் தானே ஓடும். புதிய ஆட்டம் ஒன்றனை ஒரே இரவில் பழகிக்கொள்ளும் விரலுக்கு இது கடினமா?

இதனிடையே தில்லியின் போக்கையும் நோக்குக. 2016இல் இந்திய அரசு வகுத்த கைப்பேசித் தரநெறி, எழுதுதற்கு ஆங்கிலமும் இந்தியும் இருத்தல் கட்டாயம் என்றும், அவற்றொடு மற்றோர் இந்திய மொழி இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. இந்திக்குப் பெயர்சுட்டி இடம். தமிழுக்கோ, இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளுள் ஏதேனும் ஒன்று என்னும் கூட்டத்துள் இடம். தமிழ்நாட்டில் விற்கும் கைப்பேசிக்குத் தமிழன்றோ முதற் கட்டாயமாதல் வேண்டும்? இதனைக் கேட்டுப் போராடவேண்டிய இளைஞன், இருக்கும் தமிழ்ப் பலகையையும் திறவாது கிடந்தால், "தமிழ்ப் பலகையைக் கேட்பார் இல்லை" என்று வணிகனும் அரசும் கைவிரிக்க இடமாகாதா? இந்தியெதிர்ப்புப் போரில் சிறையுற்று 1939இல் மாண்டனர் நடராசனும் தாளமுத்துவும். வேற்றெழுத்தைத் தொடர்வண்டி நிலையப் பலகையில் கண்டு கொதித்த இனம், மற்றொரு வேற்றெழுத்தைத் தன் உள்ளங்கையில் தானே எழுதிக்கொள்கிறது!

இன்னொரு முரணும் உண்டு. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் தமிழ்ச் சிற்றூர்களின் பெண்மக்கள் பல்லாயிரவர் கைப்பேசிகளைக் கோத்துக் கோத்து உலகுக்கு அனுப்பினர். 2014 நவம்பரில் அவ்வாலை மூடியது. அவர்தம் வேலையும் போயிற்று. இன்று அதே வட்டாரத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளை வேறு பெண்கள் கோக்கின்றனர். செய்யும் கை தமிழ்க்கை. வாங்கும் கை தமிழ்க்கை. நடுவில் ஓடும் எழுத்து மட்டும் அயலெழுத்து. கருவியை ஆக்கும் கூலி தமிழனுக்கு. கருவியின் மொழி பிறர்க்கு. கூலியாய் இருத்தல் வளர்ச்சி ஆகுமா?

கையிலிருக்கும் நூலகமும் கையிலிருக்கும் சூதும்

1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். பெருஞ்சித்திரனார் அக்கல்லூரியில் அவரிடம் பயின்ற மாணவர். ஒரு சொல்லின் வேரைக் காண அன்று எத்தனை நூல்களைத் தேடவேண்டியிருந்தது! எத்தனை நூலகப் படிகளை ஏறவேண்டியிருந்தது! 1974இல் அவரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி, 1981இல் அவர் மறைந்தபின்னும் நெடுங்காலம் நடந்து 2011இலேயே நிறைவுற்றது.

அன்று பாவாணர் தேடி அலைந்த நூல்கள் பல இன்று கொண்டப்பநாயக்கன்பட்டிப் பள்ளிமாணவனின் சட்டைப்பையில் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை அவன் கைப்பேசியில் புரட்டலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல் முதலாகப் பல நூல்களை விலையின்றித் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் திறந்தே கிடக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது. நூலகம் கையில் உள்ளது, நுழைவார்தாம் இல்லை.

அதே கையில் சூதாட்டக் களமும் உள்ளது. இணையவழிச் சீட்டாட்டத்தில் பொருளிழந்து தமிழ்நாட்டில் பலர் உயிர்மாய்த்தனர். 2022 அக்டோபரில் சட்டமன்றம் இயற்றிய தடைச்சட்டத்தை ஆளுநர் திங்கள் பல கிடப்பில் வைத்துத் திருப்பியனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியபின்னரே ஏப்பிரலில் இசைவு கிடைத்தது. நடுவணரசு 2025 ஆகத்துத் திங்களில்தான் பணம்வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் செய்தது. சட்டம் ஒரு வாயிலை அடைக்கும். ஆசை வேறு வாயிலைத் தேடும். நூலகத்திற்கும் சூதுக்களத்திற்கும் வாயில் ஒன்றே. எப்பக்கம் திரும்புவது என்பதை முடிவுசெய்வது கைப்பேசி அன்று, அதனை ஏந்தியவனின் உள்ளம். அவ்வுள்ளத்தை ஆக்குவதே கல்வி, அதுவே வளர்ச்சி.

உள்ளம் ஆயத்தமாயிருந்தபோது கைப்பேசி என்ன செய்தது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2009இல் ஈழத்து இறுதிப் போரின் கொடுமைகளைக் கைப்பேசிகளில் பதிந்த காட்சிகள், 2011இல் பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி வழியாக உலகத்தின் கண்முன் வந்தன. எழுதுகோலுக்கும் இதழுக்கும் இடமற்ற கொலைக்களத்தில் அக்கருவி சான்றாய் நின்றது. 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக மெரினாக் கடற்கரையில் திரண்ட இளைஞர், கைப்பேசிவழியே ஒருவரையொருவர் அழைத்தனர். இருண்ட இரவில் கைப்பேசி விளக்குகளையே உயர்த்திப் பிடித்தனர். கூட்டியது கருவி, நிலைநிறுத்தியது இனவுணர்வு. உணர்வு முன்னும் கருவி பின்னுமாய் நின்றபோது பயன் விளைந்தது. கருவி முன்னும் உணர்வு பின்னுமாய் நிற்கும் இடங்களில் எல்லாம் தமிழன் விலைப்பொருளாகிறான்.

செய்யத்தக்கன

புலம்பலோடு நிற்பது தனித்தமிழ் மரபன்று. செய்யத்தக்கன செயற்கரியனவும் அல்ல.

முதலாவது, ஒவ்வொரு தமிழனும் தன் கைப்பேசியில் இன்றே தமிழ்ப் பலகையைத் திறப்பானாக. தமிழில் எண்ணியதைத் தமிழெழுத்தில் எழுதுவானாக. ஆங்கிலத்தில் எழுதவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தையே செம்மையாக எழுதட்டும், குற்றமில்லை. தமிழை ஆங்கில உடையுடுத்தி அனுப்புவதே குற்றம்.

இரண்டாவது, பெற்றோர் தம் மக்கள் அவ்வாறு எழுதிவிடுக்கும் செய்திக்கு விடையை மட்டும் தமிழெழுத்தில் விடுக்க. திட்ட வேண்டா; வழிகாட்டினால் போதும். தந்தையின் தமிழ்மடலைப் படித்துப் பழகிய மகள் தானே தமிழுக்குத் திரும்புவாள்.

மூன்றாவது, எழுதுகோல் பிடித்து நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிப் பழகாத பிள்ளையின் கையில் திரையைத் திணித்தலாகாது. குரலை எழுத்தாக்கும் பொறி வந்துவிட்டதே என்று மகிழ்வோர் உளர். எழுதத் தெரிந்தவனுக்கு அது துணை; எழுதக் கல்லாதவனுக்கு அது முடக்கம். பொறி இட்ட எழுத்துப் பிழையா சரியா என்று காணவும் எழுத்தறிவு வேண்டுமே! மாலையில் ஒரு மணிநேரமேனும் வீட்டிலுள்ள கைப்பேசிகள் எல்லாம் ஒரு மூலையில் உறங்கட்டும். நூல் ஒன்று விழிக்கட்டும்.

நான்காவது, ஆசிரியர்கள் பேரகராதியையும் மின்னூலகத்தையும் மாணாக்கர்க்குக் கைப்பேசியில் திறந்துகாட்டுக. வாரம் ஒரு சொல்லின் வேரை அதன்வழித் தேடிக்காணச் செய்க. தேய்க்கும் விரலைக் கல்லும் விரலாக்குதல் ஆசிரியர்க்கே கைகூடும்.

ஐந்தாவது, தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு கைப்பேசியும் முதன்முறை திறக்கும்போதே தமிழில் பேசித் தமிழ்ப் பலகையை முன்வைத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டரசு தில்லியிடம் உறுதியாகக் கேட்டல் வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கியது. பள்ளியில் கட்டாயமான எழுத்து, பள்ளிக்கு வெளியே பிள்ளை நாள்முழுதும் ஏந்தியிருக்கும் கருவியில் ஏதிலியாய் நிற்பது அச்சட்டத்தையே ஏளனம் செய்வதாகும்.

கைப்பேசி வாழ்வை எளிதாக்கிற்று; அதற்கு நன்றி கூறுக. வளர்ச்சியை அதனிடம் எதிர்பார்த்து ஏமாறற்க. வளர்ச்சி விலைக்கு வருவதன்று, மின்னேற்றினால் நிறைவதுமன்று. அது தாய்மொழியில் எண்ணி, தாயெழுத்தில் எழுதி, ஓரிடத்தே நின்று ஆழக் கல்லுவோனுக்கே வாய்ப்பது. மலையின் காலடியில் வாழும் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பிள்ளைக்கும், மாநகர மாடத்தில் வாழும் பிள்ளைக்கும் அந்நெறி ஒன்றே. தமிழ் எழுதாத விரலில் உலகமே அடங்கினும், அவ்விரலுக்கு உரியவன் தன் வீட்டிலேயே வேற்றூரான். தமிழ் எழுதும் விரலில் ஒரு சிறு கருவி இருப்பினும், அவன் உலகுக்கு உரியவன்.

தமிழர்களே! கருவியை மாற்ற வேண்டா; எழுத்தை மாற்றுக. தேய்த்தது போதும், கல்லுக. தமிழிலேயே கல்லுக!